புதன்கிழமைக்குள் ஆறு பேண்டு

அந்தப் பெண் கையில் காகிதத்தோடு வந்ததைப் பார்த்ததுமே ஆர்லிஸ் டிட்வெல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நல்ல சேதியை யாரும் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருஷம் நீராவிக் குழாய் பழுது பார்த்தவர் அவர். காகிதத்தோடு வந்தவர்கள் எல்லாம் எதையாவது பிடுங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

"மிஸ்டர் ஆர்லிஸ், உக்காருங்களேன்" என்றாள் லேனி. மாணவர்கள் நடத்தும் அந்த ரேடியோ நிலையத்துக்கு அவள்தான் இந்த வருஷத்து நிகழ்ச்சித் தலைவி. இருபத்தொரு வயது. மூக்கில் சின்ன வளையம்.

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லும்மா."

"போன ஆறு மாசத்துல நீங்க இருபத்திரண்டு ஷோ பண்ணியிருக்கீங்க. அதுல மில் விசில்ஸ் பாட்டு எத்தன தடவ போட்டீங்க, தெரியுமா?"

"நல்ல பாட்ட நான் எண்றதில்ல."

"அறுபத்தேழு தடவ."

"அவ்வளவுதானா?"

லேனிக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டு இல்ல, மிஸ்டர் ஆர்லிஸ். நாங்க புதுப் பாட்டுக்காக நடத்தற ஸ்டேஷன் இது. உங்க புதன்கிழமை நாலு மணியை இன்னொருத்தர் கேக்கறாரு. தாவரவியல்ல ஆராய்ச்சி பண்றவரு. காளான் பத்திப் பேசப் போறாராம்."

"காளானா? ரேடியோவுலயா? அத எப்படிக் கேக்கறது?"

"அத அவரு பாத்துக்குவாரு. உங்களுக்கு ஒரு வாய்ப்பு தரேன். வர்ற புதன்கிழமை ஷோவுல மில் விசில்ஸ் ஒண்ணுகூடப் போடக் கூடாது. ரெண்டு வருஷத்துக்குள்ள வந்த பேண்டு ஆறு, நீங்களே தேடிக் கண்டுபிடிச்சதா இருக்கணும். ஆறையும் போடணும். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஓட்டுக்கு எல்லாரும் கை தூக்குவோம். ஆறு போட்டா எனக்கு உங்களுக்காகப் பேச வாய் இருக்கும். போடலன்னா இல்ல."

காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதில் அறுபத்தேழு தடவையும் தேதியோடு வரிசையாக இருந்தன. எவனோ மெனக்கெட்டு எண்ணியிருக்கிறான்.

மில் விசில்ஸ் என்பது நான்கு பேர் கொண்ட பேண்டு. இதே பெல்ஃபோர்ட் ஊரில், இதே பல்கலைக்கழகத்தில் படித்த பையன்கள். இரண்டு ரெக்கார்டு போட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். எண்பத்துநாலாம் வருஷம் வசந்தத்தில் ஆர்லிஸ் மாணவர் மண்டபத்துக்குக் கீழே குழாய்ச் சுரங்கத்தில் மல்லாந்து படுத்து ஒரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது மேல்தளத்தில் வாசித்தார்கள். அந்தக் கிட்டார் சத்தம் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை உலுக்கினாற்போல் கிணுகிணுவென்று குழாய் வழியாக இறங்கி வந்தது. பாடுகிறவன் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் புரியவில்லை. அதுதான் ஆர்லிசுக்குப் பிடித்தது. புரியாத வார்த்தையை வைத்துக்கொண்டு எவனும் உங்களிடம் பொய் சொல்ல முடியாது.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் கொடுப்பது அந்த ஸ்டேஷனின் வழக்கம். அப்படித்தான் பதினோரு வருஷமாகப் புதன் நாலு மணி அவர் கையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆள். பேராசிரியர்கள் நிறைந்த ஊரில் வாய் திறந்தால் யாராவது திருத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் சொல்வதைக் குறுக்கே மறிக்க ஆள் கிடையாது. அதைக் காளானுக்குத் தூக்கிக் கொடுக்கிறதாவது.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் செல்போனில் தேடினார். 'மில் விசில்ஸ் மாதிரி' என்று ஒற்றை விரலால் தட்டினார். முதல் பாட்டு பரவாயில்லை ரகம். இரண்டாவது, உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய பேண்டு; பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் போடுவது. மூன்றாவதாகக் கார் இன்சூரன்ஸ் விளம்பரம். நான்காவது, நிஜமாகவே மில் விசில்: நெசவாலைச் சங்கு எட்டு மணி நேரம் ஊதும் சத்தம், கைக்குழந்தைகள் தூங்குவதற்காம். எந்தக் குழந்தை அதில் தூங்கும்? ஐந்தாவதாக மில் விசில்சையே எடுத்துக் கொடுத்து, 'உங்களுக்கு இது பிடிக்கலாம்' என்றது.

ஆர்லிஸ் போனைச் சோபாவில் எறிந்தார். வழி கேட்டவனை அவன் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுகிற வழிகாட்டி இது. ஒரு பாட்டைக்கூடக் காதால் கேட்டிராத இயந்திரம் பாட்டைப் பற்றிப் பேசுகிறது. இதையும் ஜனங்கள் நம்புகிறார்கள்.

மத்தியானம் ஹோயட்டின் ரெக்கார்டுக் கடைக்குப் போனார். ஹோயட் அவர் வயதுக்காரர், ஒரே தெருவில் வளர்ந்தவர். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார். எல்லா ரெக்கார்டின் நெற்றியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இன்ன பேண்டு பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும் என்று.

"இத எழுதறவன் உள்ள இருக்கறதக் கேட்டிருப்பானா?" என்றார் ஆர்லிஸ், ஒரு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே.

"கைய எடுடா. அது விக்கற பொருள்."

"மில் விசில்ஸ் மாதிரி வேணும். புதுசா. உசுரோட இருக்கறவங்க வாசிச்சதா."

"நீயா? புதுசா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" ஹோயட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விஷயம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அறுபத்தேழு! ஏண்டா, பொண்டாட்டி பேரக்கூட நீ அவ்வளவு தடவ சொல்லியிருக்க மாட்டியே!"

"அதான் போயிட்டாளே. போடுடா எதையாவது."

ஹோயட் முதலாவதைப் போட்டார். ஆர்லிஸ் அரை நிமிஷம் பொறுத்தார். "இவன் என்ன சாக்கடைக் குழாய்க்குள்ள உக்காந்து பாடறானா? ஒரே எதிரொலி."

இரண்டாவது. கிட்டார் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாட ஆரம்பித்ததும் ஆர்லிஸ் முகத்தைச் சுளித்தார். "வார்த்தை புரியுதேடா!"

"புரிஞ்சா என்னடா?"

"காதலி விட்டுட்டுப் போயிட்டாளாம். காப்பிக் கடையில அழுதானாம். இத எதுக்கு என்கிட்ட சொல்றான்? நான் என்ன பாதிரியாரா?"

மூன்றாவதில் டிரம் வாசித்தது ஆளில்லை, மெஷின். நான்காவதை உறையிலிருந்து எடுக்கும்போதே வேண்டாம் என்றார்; அட்டையில் எல்லாரும் தாடியோடு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது முடியும் முன்பே ஹோயட் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"உனக்கு வேண்டியது பேண்டு இல்லடா, ஆர்லிஸ். உனக்கு மறுபடி இருபத்துநாலு வயசு வேணும். அது என் கடையில ஸ்டாக் இல்ல."

"இருந்தா நீ அதையும் ரெண்டு மடங்கு வெல வெச்சுத்தான் விப்ப."

"போடா வெளிய."

போனார். ஆனால் எதிரொலிக்காரனையும் மெஷின்காரனையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார். இரண்டு ஆயிற்று. பிடிக்கவில்லை, ஆனால் இரண்டு.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனில் யாரும் இல்லை. ஊர் முழுக்கக் கால்பந்து மைதானத்தில் கிடந்தது. ஆர்லிஸ் நூலக அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு புது வரவு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அந்த அலமாரிப் பக்கம் அவர் முதுகைத்தான் காட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு உறையிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். கேட்டவர்கள் அதில் ஒரு வரி எழுதிப் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் அடிக்கக் கூடாது. எழுதியவரே நினைத்தாலும் அடிக்கக் கூடாது. வேண்டுமானால் கீழே எழுதலாம். ஸ்டேஷன் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த விதி.

எண்பதுக்கு மேல் இருந்தன. வரிசையாக எடுத்தார், போட்டார், எழுதினார். 'தூக்கம் வருகிறது.' 'இவனுக்கு முதலில் கிட்டாரைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.' 'பரவாயில்லை, ஆனால் அதற்கு மேல் போக ஆசையில்லை.' மணி இரண்டு, மூன்று, நாலு. மைதானத்திலிருந்து கூட்டம் கத்தும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. யாருக்கோ எதுவோ கிடைத்துக்கொண்டிருக்கிறது. இவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நாற்பதாவதோ என்னவோ, ஒரு பழுப்பு அட்டை. படம் இல்லை. ரப்பர் முத்திரையில் 'கெட்டில் சிஸ்டர்ஸ், பெல்ஃபோர்ட்' என்று மட்டும். உள்ளூர்ப் பிள்ளைகள். வெள்ளைத் தாளில் இன்னும் ஒருவரும் எழுதவில்லை. கொஞ்சம் ஆசையோடுதான் ஊசியை வைத்தார்.

இழவு வீட்டு மேளம்போல் ஒன்று நகர்ந்தது. கிட்டார் தார் வாளிக்குள் விழுந்த மாதிரி. அப்புறம் ஒரு ஆண் குரல், அடித்தொண்டையில், இழுத்து இழுத்து. ஆர்லிஸ் ஒரு நிமிஷம் கேட்டார். பேனாவை எடுத்தார். 'கிணற்றில் விழுந்த மாடு. கயிறு போட்டும் பிரயோசனமில்லை. ஆ.டி.' என்று எழுதி அலமாரியில் செருகினார்.

இருட்டுவதற்குள் இன்னும் மூன்று தேற்றினார். மொத்தம் ஐந்து. எல்லாம் பாதி மனசு. ஆறாவதாக அந்த ஆட்டுக்குட்டித் தாடிக்காரர்களை வாங்கி வர மறுபடி ஹோயட் முகத்தில் முழிக்க வேண்டும் என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கமான இடத்துக்குப் போனார். வரிசையில் தட்டோடு நின்று, ஒரு கறியும் மூன்று காயும் கேட்டு வாங்குகிற கடை. கண்ணாடிக் கதவில் ஒரு சுவரொட்டி. கடந்து போனவர் இரண்டடி பின்னால் வந்தார். தன்னுடைய கையெழுத்து. ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். 'கிணற்றில் விழுந்த மாடு. கயிறு போட்டும் பிரயோசனமில்லை.' கீழே, சனிக்கிழமை மாலை கெட்டில் சிஸ்டர்ஸ் வாசிக்கிறார்கள், அனைவரும் வருக.

உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். வந்தது கோபமா வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"கீரையா, பீன்ஸா?" என்றாள் கரண்டியோடு நின்ற பெண்.

"கீரை. அந்தக் கதவுல இருக்கறது யாரு ஒட்டினது?"

பெண்ணின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இந்தக் குரல்… நீங்க புதன்கிழமை ஆர்லிஸ்தான? மாடுன்னு எழுதினவரு?"

"எழுதினா?"

"நாங்கதான் ஒட்டினோம். நீங்க எழுதினத ஸ்டேஷன்ல ஒருத்தங்க காட்டினாங்க. நான் ஓபல். கெட்டில் சிஸ்டர்ஸ்ல பாடறது நான்தான்."

"பொய் சொல்லாத பொண்ணே. அதுல பாடினவன் ஆம்பள."

"எங்க பேண்டுல பாடற ஆம்பளையே கிடையாது."

"நான் காதால கேட்டேன். ஆம்பளக் குரல். அதுவும் சீக்கு வந்த ஆம்பள."

பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒருத்தர், "அவருக்குக் கீரையப் போட்டு அனுப்பும்மா" என்றார். ஓபல் அசையவில்லை. ஏதோ சந்தேகம் தட்டியதுபோல் கண்ணைச் சுருக்கினாள்.

"ஐயா, எந்த வேகத்துல போட்டீங்க?"

"பெரிய ரெக்கார்டு. பெரிய ரெக்கார்ட எதுல போடுவாங்க? நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்துல."

"அது நாப்பத்தஞ்சு!" என்று கத்திவிட்டாள். "பெரிய ரெக்கார்டுதான், ஆனா நாலே பாட்டு. சத்தம் நல்லா இருக்கணும்னு நாப்பத்தஞ்சு சுத்துக்குத்தான் பதிச்சோம்! கடவுளே, நீங்க எங்கள நெதானமாக் கொன்னிருக்கீங்க!"

"அத மேல எழுதணும்ல! முத்திர குத்தத் தெரியுது, நம்பர் போடத் தெரியலையா?"

"மறந்துட்டோம். ஆனா பதினோரு வருஷமா ரேடியோவுல இருக்கறவருக்கு ஒரு தடவ பட்டன மாத்திப் பாக்கத் தெரியாதா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கீரைக்குச் சொன்னவர்தான் பலமாகச் சிரித்தார். ஆர்லிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். காசு கொடுத்தாரா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

நேராக ஸ்டேஷனுக்குப் போனார். அலமாரியில் பழுப்பு அட்டை இருந்தது. வெள்ளைத் தாளில் அவர் வரிக்குக் கீழே இப்போது ஏழெட்டு வரி. 'பெரியவரே, 45!' 'மாடு எனக்குப் பிடித்திருக்கிறது.' 'யாராவது தாத்தாவுக்கு அந்தப் பட்டனைக் காட்டுங்கள்.' கடைசியில் லேனியின் கையெழுத்து: 'இரண்டு நாளாக இதைத்தான் கேட்கிறேன். அற்புதம். லே.'

பட்டனை அமுக்கினார். ஊசியை வைத்தார்.

முதல் சுற்றிலேயே கொட்டியது. சாவிக்கொத்து. கிணுகிணுவென்று, ஒன்றன்மேல் ஒன்று தட்டி, ஓடி, திரும்பி வந்து மறுபடி ஓடியது. டிரம் அடித்தது ஆள். ஒரு இடத்தில் அவசரப்பட்டுத் தடுமாறிச் சமாளித்ததுகூடக் காதில் விழுந்தது. அந்தப் பெண் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

ஆர்லிசுக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் சந்தேகம்தான் வந்தது. திருட்டு என்று நினைத்தார். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க மறுபடி போட்டார். மில் விசில்சின் ஒவ்வொரு பாட்டும் அவருக்கு மனப்பாடம். எதனோடும் ஒட்டவில்லை. ஒரு சின்ன இழைகூட அங்கிருந்து வந்ததில்லை. நாலு தடவை கேட்டும் குற்றம் கிடைக்கவில்லை. அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. இத்தனை நாளும் இந்தக் குரல்தான் அவருக்குக் கீரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் கரண்டியை நீட்டிக் கீரையா பீன்ஸா என்று கேட்டிருக்கிறது. அவர் என்னடாவென்றால் இனிமேல் ஒருத்தனும் இப்படி வாசிக்கமாட்டான் என்று ரேடியோவில் உறுமிக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தார். தாளில் கீழே இன்னும் இரண்டு விரல்கடை காலியாக இருந்தது. '45-ல் போடவும். ஆ.டி.' என்று எழுதினார். மன்னிப்பெல்லாம் கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

புதன்கிழமை நாலு மணிக்கு ஒலிவாங்கிக்கு முன்னால் ஆறு ரெக்கார்டோடு உட்கார்ந்தார். ஹோயட்டிடம் போகத் தேவையில்லாமல் ஆறாகிவிட்டது. மூன்று பாட்டுக்கு ஒரு தரம் பேசினார், குறைவாகவே பேசினார். எதிரொலிக்காரனைப் போட்டு, "இவனுக்கு நல்ல அறை ஒண்ணு பாத்துக் கொடுங்க" என்றார். மெஷின்காரனைப் போட்டுவிட்டு நேராக அடுத்த ரெக்கார்டை எடுத்தார். ஒவ்வொருத்தராக நான்கு பேண்டை ஓட்டினார். நாலு முப்பத்தெட்டுக்குப் பழுப்பு அட்டையை எடுத்தார். ஆறாவது பேண்டு கடைசிக்கு இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தார்.

"அடுத்தது கெட்டில் சிஸ்டர்ஸ்" என்றார். தொண்டையைக் கனைத்தார். "ஊரெல்லாம் என் கையெழுத்த ஒட்டி வெச்சிருக்காங்க. அந்த ரெக்கார்ட நான் தப்பான வேகத்துல கேட்டேன். எழுதினது தப்பு. கேளுங்க."

அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவருக்குக் குழாய் வால்வு திருகுகிற பலம் வேண்டியிருந்தது. பாட்டு ஓடியது. மூன்று நிமிஷம். முடிவதற்குள் தொலைபேசி விளக்கு மின்னியது.

"ஆர்லிஸ் அண்ணே, நாங்க பார்பிக்யூ கடைச் சமையல்கட்டுலேருந்து பேசறோம். அந்த மாட்டுப் பாட்டப் போடுங்கண்ணே."

"இப்பப் போட்டது அதுதான்."

"அது இல்லண்ணே, மெதுவா வருமே, அது. கிணத்துல விழுந்தது."

"அது தப்பான வேகம்டா. இப்பத்தான அத விளக்கிச் சொன்னேன்?"

"கேட்டோம். அதான் ஆச வந்துச்சு."

வைத்துவிட்டார். விளக்கு மறுபடி மின்னியது. சலவைக்கடைப் பெண். அவளுக்கும் மாடுதான் வேண்டும். மூன்றாவதாக ஒரு பேராசிரியர், மெதுவாக ஓடினால் அதில் ஒரு தனி சோகம் இருப்பதாகப் பத்து நிமிஷம் விளக்கத் தயாராக இருந்தார். நான்காவது ஹோயட். "டேய், மாட்டப் போடுடா. கடையில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார்.

"காது இருக்கா உங்களுக்கெல்லாம்?" என்று ஆர்லிஸ் ஒலிவாங்கியில் இரைந்தார். "நாப்பது வருஷத்துக்கப்புறம் ஊர்ல ஒரு உருப்படியான சத்தம் கேக்குது. அத உங்களுக்கு மாடாத்தான் கேக்கணுமா? மாடும் கிடையாது, கிணறும் கிடையாது. அந்தக் கிட்டார ஒழுங்காக் கேளுங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு யாருக்காவது புரிஞ்சா போன் பண்ணுங்க. புரியாது. மறுபடி போடறேன். வாய மூடிக்கிட்டுக் கேளுங்க."

மறுபடி போட்டார். அவர்கள் வாயை அடைக்கத்தான் போட்டார். ஆனால் பாதி உண்மைதான் அது. போட வேண்டும் என்று இருந்தது, போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் கிட்டார் ஒரு இடத்தில் ஒற்றைக் கம்பியில் வந்து நிற்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசப் பேச நீண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஷோக்காரி விரலால் தட்டி மணிக்கட்டைக் காட்டினாள். ஐந்தடித்து ஒரு நிமிஷம். ஆறாவது பேண்டு மேஜையிலேயே உறை பிரிக்காமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முப்பத்தாறு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். ஆர்லிசுக்கு மட்டும் நாற்காலி. அது மரியாதையா, குற்றவாளிக் கூண்டா என்று அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. காளான்காரன் எழுந்து, காளான்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று ஆரம்பித்து நன்றாகவே பேசினான். அவனை வெறுக்க முடியாததும் ஒரு எரிச்சல்.

லேனி காகிதத்தை எடுத்தாள். "மிஸ்டர் ஆர்லிஸ் போட்டது அஞ்சு பேண்டு. ஆறு இல்ல. ஒரே பாட்ட ரெண்டு தடவ போட்டிருக்காரு."

"போன் வந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார் ஆர்லிஸ்.

"போன எடுக்காம இருந்திருக்கலாம்."

"அந்த ஆறாவது பேண்டு கேவலம். போட்டிருந்தா நீங்களே ஏன் போட்டீங்கன்னு கேட்டிருப்பீங்க."

"அதத் தேர்ந்தெடுத்தது நீங்கதான?"

"வேற வழியில்லாம."

தரை முழுக்கச் சிரித்தது. லேனியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மிஸ்டர் ஆர்லிஸ், உங்க மேல இருந்த ஒரே குத்தம், புடிச்சதையே திரும்பத் திரும்பப் போடறீங்கங்கறதுதான். புதுசு ஒண்ணு கெடச்ச அன்னிக்கே அதையும் திரும்பப் போட்டா நான் என்ன சொல்லி உங்களுக்காகப் பேசறது?"

"நல்லா இருந்துச்சு. போட்டேன்."

கை தூக்கினார்கள். ஆர்லிசுக்குப் பதினேழு, காளானுக்குப் பத்தொன்பது. இரண்டு கை. எந்த இரண்டு என்று அவர் முகங்களைத் தேடினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

எழுந்து கதவுவரை போய்விட்டார். பின்னால் லேனியின் குரல்.

"ஒரு எடம் காலியா இருக்கு. ஞாயித்துக்கெழம காலைல ஆறுலேருந்து ஏழு. யாரும் கேக்காத நேரம். அதனால நிபந்தன ஒண்ணும் கிடையாது. என்ன வேணாலும் போடலாம், எத்தன தடவ வேணாலும் போடலாம்."

"ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு யாரு முழிச்சிருப்பா?"

"தெரியல. சர்ச்சுக்குப் போறவங்க."

"அவங்க என்னையக் கேக்க மாட்டாங்க. கட்டடத்த யாரு தெறப்பா?"

"நீங்கதான் தெறக்கணும்."

முப்பத்தொரு வருஷம் திறந்த கட்டடம். ஆர்லிஸ் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. பார்பிக்யூ கடை அந்நேரம் திறக்காது. சலவைக்கடை திறக்காது. ஹோயட் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஓபல் சனிக்கிழமை வாசித்துவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். கேட்க ஒருத்தரும் இல்லை. மறுத்துப் பேசவும் ஒருத்தரும் இல்லை.

"ஏழுக்கு மேல அஞ்சு நிமிஷம் சேத்துத் தருவியா?"

"ஏழுக்கு ஆராதன ஒலிபரப்பு இருக்கு. எழுதட்டுமா, வேணாமா?"

"எழுது" என்றார் ஆர்லிஸ். "பென்சில்ல எழுது. எனக்கு இன்னும் மனசு ஒப்பல."

லேனி பேனாவால் எழுதினாள்.